உளி தொடாதவர் சிற்பியா?

கேள்வி: சணற்கயிற்றை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட மிருணாளினி முகர்ஜியைப் பெரிய சிற்பி என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். எங்கள் பாட்டிமார்கூடக் கயிற்றில் உறி பின்னியவர்கள்தாம். உளியைத் தொடாமல், இன்னதென்று விளங்காத உருவங்களைச் செய்தவருக்கு எதற்கு இந்தப் பட்டம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உளிதான் அளவுகோல் என்றால், இந்தக் கேள்வியை உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சுவாமிமலை ஸ்தபதிகளிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அங்கே திருமேனி மெழுகில் உருவாகிறது. அந்த மெழுகின் மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உளி வருவது வார்ப்பு முடிந்த பிறகு, நகாசு வேலைக்கு. அதற்கு முன்பே சிற்பம் பிறந்துவிடுகிறது.

உறியை நீங்கள் ஏளனமாகச் சொன்னீர்கள். நான் அதை மதிப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உறியின் வடிவத்தை அதில் வைக்கும் பானை தீர்மானிக்கிறது. பானையை எடுத்துவிட்டால் கயிறு துவண்டுவிடும். மிருணாளினியின் கயிற்றுக்குள் பானை இல்லை. 1984இல் அவர் செய்த ‘யக்ஷி’ ஆளுயரத்துக்கும் மேலானது. தறியில்லாமல், முன்கூட்டி வரைந்த படமும் இல்லாமல், சாயமேற்றிய கயிற்றைக் கையாலேயே முடிச்சு முடிச்சாக இறுக்கி, பெரிய உருவம் ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைத்தார். உள்ளே உலோகச் சட்டம் தாங்கினாலும், மேலே தெரியும் புடைப்பும் மடிப்பும் அந்த முடிச்சுகள் தந்தவை. முடிச்சு நெருங்கும் இடத்தில் உடல் திரண்டு கெட்டிப்படுகிறது. தளரும் இடத்தில் இதழாக விரிந்து கீழ்நோக்கிச் சரிகிறது. கல்லில் சிற்பி எடையைச் செதுக்கிக் குறைக்கிறார். இவரோ எடையை இழை இழையாகச் சேர்த்தார்.

இன்னதென்று விளங்கவில்லை என்கிறீர்கள். யக்ஷி, ருத்ரா, வனஸ்ரீ என்று பெயர் வைத்தாரே தவிர, முகமோ ஆயுதமோ காட்டி அடையாளம் சொல்லவில்லை. பூவா, உடலா, தெய்வமா என்ற தயக்கத்திலேயே பார்ப்பவரை நிறுத்தி வைப்பதுதான் அவருடைய அருவக் கலையின் வலிமை. அந்தத் தயக்கத்தைக் குறையென்று சொல்ல என்னால் முடியாது.

கயிறு அவர் கைக்குத் தற்செயலாக வந்ததும் அல்ல. 1949இல் பம்பாயில் பிறந்த அவருக்குத் தந்தை, பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் படைப்பதை நிறுத்தாத ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி; தாய் லீலா முகர்ஜி மரச்சிற்பி. பரோடாவில் ஓவியம் படித்துவிட்டுச் சுவரோவியம் பயின்றது கே.ஜி. சுப்ரமணியனிடம். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் பினோத் பிஹாரியிடமே கற்று, கைத்தறி வாரியத்திலும் பணியாற்றிய சுப்ரமணியன், கைவினை கீழே, கலை மேலே என்ற பாகுபாட்டை வாழ்நாள் முழுவதும் ஏற்காதவர். நீங்கள் எழுப்பும் ஐயத்தை அந்த மாணவியின் ஆசிரியர் அப்போதே கடந்துவிட்டார்.

தொண்ணூறுகளில் சுடுமண்ணுக்கும் பிறகு வெண்கலத்துக்கும் மாறினார் மிருணாளினி. வெண்கலத்துக்கு அவர் கைக்கொண்டதும் மெழுகு வார்ப்பு முறையே. 2015இல் டெல்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கிய சில நாட்களில், 65ஆவது வயதில் காலமானார். 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. வெளிநாட்டார் மதித்ததால் நாமும் மதிக்க வேண்டும் என்று வாதிட மாட்டேன்; படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சிற்பத்தையாவது சுற்றிவந்து பாருங்கள் என்றே கேட்கிறேன்.

பட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சணல் நார் வெளிச்சத்தில் நிறம் மங்கும், ஈரத்தில் நைந்துபோகும். கல்லையும் வெண்கலத்தையும் காத்துப் பழகிய நம் அருங்காட்சியகங்கள் இந்தக் கயிற்றுச் சிற்பங்களை எப்படிக் காப்பாற்றப் போகின்றன என்பதே என் கவலை.