பழைய வீட்டு வயரிங்: செலவு யார் தலையில்?

கேள்வி: பவானியில் அப்பா காலத்து ஓட்டு வீட்டை மாதம் 6,500 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதாம். வயரிங்கை முழுதாக மாற்ற 70,000 ரூபாய் கேட்கிறார் எலக்ட்ரீஷியன். பாதியைக் குடியிருப்பவரிடம் வாங்கலாமா? வாடகையையாவது ஏற்றலாமா?

பதில்: முதலில் அந்தக் கிரைண்டரை இன்றே பிளக்கிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கிட்டத்தட்ட பதினொரு மாத வாடகை போகிறதே என்ற கவலை புரிகிறதுங்க. ஆனாலும் பாதியைக் கேட்க வழியில்லை. 2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, வீட்டு வயரிங் உரிமையாளர் பொறுப்பு; சுவிட்சு, சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. நீங்கள் மறுத்தால் அவரே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தப் பத்திரத்தில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இந்தப் பழுதுக்காக வாடகையை ஏற்றவும் முடியாது. கூடவே ஏசி லைன் மாதிரி புதிதாக ஒரு வசதி செய்து கொடுத்தால், அதற்கு மட்டும் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி ஏற்றலாம்.

என்னை உறுத்துவது வேறு. ஷாக் அடிப்பது இப்போது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஓர் உயிர் போனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவில் வழக்கு வரலாம். ஐந்து ஆண்டு வரை சிறை. அதன் பக்கத்தில் 70,000 ரூபாயை வைத்துப் பாருங்கள்.

முழுப் பணமும் ஒரே நாளில் வேண்டியதில்லை. மெயின் போர்டைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பாருங்கள். பழைய வீடுகளில் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியை மடித்து முறுக்கி வைத்திருப்பார்கள். வயர் சூடேறி எரிந்தாலும் அது உருகாது. சரியான ஃபியூஸே இருந்தாலும் ஆளைக் கொல்லும் சிறு மின்கசிவு அதற்குத் தெரியாது. அதனால் முதல் வேலையாக நல்ல எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்சு) போடுங்கள். சமையலறை, குளியலறை லைன் அடுத்தது. மீதி அறைகளை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் கழற்றிவிடச் சொல்லாதீர்கள். எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அந்த லைனை உடனே மாற்றுங்கள்.

உரிமம் பெற்றவரிடமே வேலையைக் கொடுங்கள். பில்லையும் எர்த் சோதித்த விவரத்தையும் எழுதி வாங்கி, குடியிருப்பவருக்கு ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.