ஜெபம் மட்டும் போதுமா?

கேள்வி: பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு எங்கள் பகுதிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். பறிப்பு நின்றுவிட்டதால், கூலிக்குக் கொழுந்து பறிக்கும் எங்கள் சபைக் குடும்பங்களுக்கு வேலை இல்லை. போராட்டம் விசுவாசிகளுக்கு உரியதல்ல, ஜெபித்தால் போதும் என்கிறார்கள் மூப்பர்கள். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, ஜெபிக்கச் சொன்னதில் தவறில்லை; அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டதால் முறுமுறுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர்கள் கடிந்துகொள்ளவில்லை. தாங்கள் ஜெபத்தில் தரித்திருக்க, பந்தியைக் கவனிக்க 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

ஆனால் குறை எதுவென்று கேட்டறிந்த பிறகே கொடுக்க வேண்டும். முன்பு இப்படி வேலையற்ற ஒரு மழைக்காலத்தில் நாங்கள் சிலர் அரிசி மூட்டையோடு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போனோம். ஒரு தாய் எங்களை உட்காரவைத்து, கட்டஞ்சாயா கொடுத்து, பானையில் ரேஷன் அரிசி இருப்பதைத் திறந்து காட்டினார். பிறகு அலமாரியிலிருந்து, வாரத் தவணை கட்டியதைக் குறிக்கும் குழுக் கடன் அட்டையை எடுத்து விரித்தார். கடைசி இரண்டு வாரக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மறுநாள் காலையில் வசூலுக்கு ஆள் வரும் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. எங்கள் அரிசி அந்த வீட்டுக்கு எந்த வகையிலும் உதவவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை மூப்பர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். வயலையும் வீட்டையும் அடகுவைத்த ஜனங்கள் கூக்குரலிட்டபோது, எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டும் அவசரத்திலும் நெகேமியா அதைக் கேட்டார், கோபங்கொண்டார், வட்டி வாங்கிய பெரியவர்களைச் சபைகூட்டிக் கண்டித்தார். தாமும் கடன் கொடுத்தவர் என்பதை ஒளிக்கவும் இல்லை. உங்கள் சபையிலும் வட்டிக்குக் கொடுப்பவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். காணிக்கையில் ஒரு பங்கை வாரத் தவணைக்கும் மருந்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

உண்ணாவிரதப் பந்தலில் உட்காருவது பாவமல்ல. கல்லெறிதல் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் முற்றிவிடும் கொழுந்தை நல்ல விலை வரும்வரை எந்த விவசாயியும் சேர்த்துவைக்க முடியாது. தொழிற்சாலை தரும் விலைக்கே போட்டுவிட்டு வருகிறார். அவருடைய கோரிக்கை நியாயமானது. ஆனால் கூலிக்குப் பறிப்பவர்களில் பலர் 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். விற்பதற்குச் சொந்தமாக ஒரு தேயிலைச் செடிகூட இல்லாதவர்கள். இலை விலை உயரும்போது பறிகூலியும் உயர வேண்டும் என்று அந்தப் பந்தலில் எழுந்து சொல்ல ஒருவர் வேண்டும். அதை நீங்கள் சொல்லுங்கள்.