நாலரை மணி அலாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பி.காம். படித்தவள், வயது 38. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் சமையல், இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ், மாமியாருக்கு மாத்திரை, அப்புறம் எட்டரை மணி பஸ். வீடு திரும்ப ராத்திரி எட்டாகிவிடும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி நெருங்கினால் ஒன்பதரை. வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் ஷிப்ட் வேலை. படுக்கப் பதினொன்று.

என்னை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. யூடியூபில் ஒருவர் அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்றார். நாலரைக்கு அலாரம் வைத்தேன். ஸ்போக்கன் இங்கிலீஷ், ஷேர் மார்க்கெட், எக்செல் என்று மூன்று ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். பதின்மூன்றாம் நாள் ஒரு பில்லில் சைபர் ஒன்றைக் கூடப் போட்டுவிட்டேன். முதலாளி திட்டவில்லை, திருத்தச் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. பஸ்ஸிலாவது பாடம் கேட்கலாம் என்றால் பழங்காநத்தம் வருவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

போன மாதம் பையனின் பள்ளியில் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள், துணைக்கு நானும் போனேன். பானை ஓட்டில் இருந்த எழுத்தைக் காட்டி "இது என்னம்மா?" என்றான். பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். அந்த எழுத்துகளைக் கையில் இருந்த ரசீது ஒன்றின் பின்பக்கம் வரைந்துகொண்டு வந்தேன். அது வேறு விஷயம்.

என் கேள்வி இதுதான். என்னைப் போன்றவர்கள் தங்களை வளர்த்துக்கொள்ள நேரத்தை எங்கிருந்து எடுப்பது? 38 வயதுக்கு மேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் அக்கா.)

*

அன்புள்ள தங்கைக்கு,

வயதை முதலில் முடித்துவிடுகிறேன். மதுரையில் இருந்துகொண்டு 38 வயதைப் பற்றி யாரும் புலம்பக்கூடாது. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான், 1976-இல், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடுதான் அவர் அறுவை சிகிச்சை செய்தார். அவரைப் போல ஆகுங்கள் என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள். வயது ஒரு காரணம் இல்லை என்பதற்காக மட்டும் சொன்னேன்.

இப்போது அந்த அலாரம். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஆறு மணி நேரத் தூக்கம். அதிலும் அரை மணியைப் பிடுங்கியிருக்கிறீர்கள். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் சண்டையே இல்லை. பில்லில் ஏறிய சைபர் உங்கள் கவனக்குறைவு அல்ல, பன்னிரண்டு நாள் தூக்கக் கடன். அதிகாலை எழுந்து சாதித்ததாகப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இவருக்கு அந்த நேரத்தில் காப்பி போட்டுக் கொடுத்தது யார்? அவர் எழுந்ததும் புத்தகத்தைத் திறக்கலாம். நீங்கள் எழுந்தால் அடுப்பைத்தான் திறக்க வேண்டும். நாலரைக்கு எழுந்தால் அடுப்பு அரை மணி முன்னால் எரியும், அவ்வளவுதான். அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

பஸ்ஸில் தூங்குவதையும் குறை சொல்லாதீர்கள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நிமிஷத்தையும் பயனுள்ளதாக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிறது. ஜன்னல் சீட் கிடைத்தால் பசுமலையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் தூங்குங்கள். நாள் முழுவதும் யாராவது உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் கூப்பிடாத நேரம் அந்தப் பஸ் மட்டும்தான்.

அந்த மூன்று கோர்ஸுகளுக்கு வருகிறேன். எக்செல் கடைக்குப் பயன்படும். அதைக் கடை நேரத்தில் படியுங்கள். முதலாளியிடம் நேராகக் கேளுங்கள்: "சாயங்காலம் அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன், ஸ்டாக் கணக்கு சுலபமாகும்." சைபர் கூடிப் போனதற்குத் திட்டாத முதலாளி இதற்கும் திட்டமாட்டார். லாபம் அவருக்கும்தானே. ஷேர் மார்க்கெட்டில் உங்களுக்கு ஆசை இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இங்கிலீஷும் அப்படித்தான். எல்லோரும் கற்றுக்கொள்கிறார்களே, நாம் பின்தங்கிவிட்டோமோ என்ற பயத்துக்குக் கட்டிய பணம் அது. போனது போகட்டும்.

உங்கள் கடிதத்தில் ஆசை தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் "அது வேறு விஷயம்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் விஷயம். யாரும் சொல்லாமல், பணம் கட்டாமல், ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று ரசீதின் பின்பக்கம் எழுத்து வரைந்தீர்களே, அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

அந்த எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். இன்றைய தமிழ் தெரிந்தவர்களுக்குக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. உயிரும் மெய்யும் சேர்த்து மொத்தமே முப்பதுக்குள். 'க' நாம் கணக்கில் போடுகிற கூட்டல் குறி மாதிரியே இருக்கும். 'ர' ஒரு நேர்க்கோடு. கீழடிப் பானை ஓட்டில் நீங்கள் பார்த்தது ஆதன், குவிரன் போன்ற பெயர்களில் ஒன்றாக இருக்கும். கஷ்டம் எழுத்தில் இல்லை. தேய்ந்த பாறையில் எது வெட்டு, எது விரிசல் என்று கண் பழகவேண்டும், அதற்குத்தான் நாளாகும்.

இந்த எழுத்துக்கு உலகத்திலேயே சிறந்த இடத்தில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, அழகர்மலை என்று ஊரைச் சுற்றிக் குன்றுக்குக் குன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்திலும் உண்டு. சமண முனிவர்கள் தங்குவதற்காகக் குகைகளில் கற்படுக்கை வெட்டிக்கொடுத்தவர்கள், கொடுத்தது யார் என்று மேலே வெட்டி வைத்திருக்கிறார்கள். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரே வருகிறது. ஆனால் உங்களுக்கு நான் அழகர்மலையைத்தான் சொல்வேன். அழகர்கோயில் அல்ல, மலையின் இன்னொரு பக்கம், கிடாரிப்பட்டி அருகே உள்ள குகை. அங்கே இருப்பவை பெரும்பாலும் ராஜாக்கள் பெயர் இல்லை. மதுரை உப்பு வணிகர், வெல்லப்பாகு விற்ற பாணித வணிகர், கலப்பைக் கொழு விற்றவர், துணி வணிகர், பொற்கொல்லர். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மதுரைக் கடைத்தெருவின் நன்கொடைப் பட்டியல் அது. உப்புக்கும் வெல்லத்துக்கும் தினமும் பில் போடுகிற நீங்கள் அதைப் படிக்காமல் வேறு யார் படிப்பது?

இதைப் படித்தால் சம்பளம் கூடுமா என்றால், கூடாது. கூட வேண்டும் என்று எதிர்பார்க்காத ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும்.

ஐராவதம் மகாதேவன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிற்பாடு 'தினமணி' ஆசிரியர். கல்வெட்டியலைக் கல்லூரியில் படித்தவர் அல்ல. அறுபதுகளில் அரசு வேலைக்கு நடுவே குகை குகையாக ஏறி, 1966-இல் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பிறகு வேலை, சிந்து எழுத்து ஆராய்ச்சி, பத்திரிகை என்று போய், தொண்ணூறுகளில் மறுபடியும் அதே குகைகளுக்கு வந்தார். முழுமையான நூல் 2003-இல்தான் வெளியானது. இடையில் 37 வருஷம். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குக் கிடைக்கிற வசதியையும் உங்கள் எட்டரை மணி பஸ்ஸையும் ஒன்றாக வைக்க எனக்கும் மனசு வராது. அவர் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அவருடையதாக இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. அந்த 37 வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக் கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் கல்வெட்டு அங்கேயேதான் இருக்கும். "தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டாலும் போச்சு" என்ற யூடியூப் கணக்கு இங்கே வேண்டியதில்லை.

தினமும் என்பதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். உங்களுடையது மாதக் கணக்கு ஓடும் வாழ்க்கை. 20-ஆம் தேதி வரை உங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. சரி, அந்த நாட்களில் ஒன்றும் செய்யவேண்டாம், செய்யவில்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். 20-க்கு அப்புறம் ஒரு ஞாயிறு, அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறரையிலிருந்து பத்து வரை. இது போதும்.

உங்கள் தெருவையே பாருங்கள். சித்திரை மாதம் தேர் கீழமாசி வீதித் தேரடியிலிருந்துதான் கிளம்புகிறது. அன்றைக்கு லோடு நிற்கிறது என்றோ கணக்கு முடியவில்லை என்றோ எந்தக் கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு "நேரம் இல்லை" என்று யார் வீட்டிலாவது பேச்சு வருகிறதா? ராத்திரியே கிளம்பிப்போய் ஆற்றங்கரையில் இடம் பிடிக்கிறோம். தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, போகிற இடம் தெரிந்திருக்கிறது, கூட வர ஆள் இருக்கிறது. அதனால் மற்ற வேலையெல்லாம் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. நீங்கள் நாலரை மணிக்கு யாருக்கும் தெரியாமல் எழுந்து, சமையலறையில் சத்தமில்லாமல் போனைப் பார்த்துப் படித்தீர்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத நேரத்தை வீட்டில் யாரும் மதிக்கமுடியாது.

ஆகவே சொல்லவேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, அலாரத்தைவிடக் கஷ்டம். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், மாமியாரும் இருக்கும்போதே சொல்லுங்கள்: "இந்த ஞாயிறு காலை நான் வெளியே போகிறேன், பத்து மணிக்கு வந்துவிடுவேன்." போகலாமா என்று கேட்காதீர்கள். கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆச்சே, கறி எடுக்க யார் போவது என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். வீட்டுக்காரர் போகட்டும். கறிக்கடை வரிசையில் பெரும்பாலும் ஆண்கள்தான் நிற்கிறார்கள். வந்து வெங்காயத்தையும் உரித்து வைத்தால் நல்லது. குழம்பு பன்னிரண்டுக்குப் பதில் ஒன்றரைக்குக் கொதித்தால் யாரும் மெலிந்துவிடமாட்டார்கள். மாமியாரின் காலை மாத்திரையை மட்டும் முதல் நாளே எடுத்து வைத்து, மூத்த பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். முதல் தடவை முகம் கோணும். மூன்றாம் தடவை "இந்த வாரம் போகலையா?" என்று அவர்களே கேட்பார்கள். கேட்காத வீடுகளும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அப்படியானால் அந்த வீட்டில் நேரத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதற்குத் தனியாக எழுதுங்கள்.

குன்றுக்குத் தனியாகப் போகவேண்டாம். ஆள் நடமாட்டம் குறைவு, பாறை வழுக்கும். மதுரையில் 'பசுமை நடை' என்ற குழுவினர் இப்படி ஞாயிறு காலைகளில் நூற்றுக்கணக்கானவர்களை இந்தக் குன்றுகளுக்குக் கூட்டிப்போய், கல்வெட்டு தெரிந்தவர்களை வைத்து அங்கேயே விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்படி ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். அதுவரை கீழடிக்கு இன்னொரு முறை போய் வரலாம், பள்ளிக்கூட வரிசையின் அவசரம் இல்லாமல். எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதி எழுதிப் பழகுங்கள். தயவுசெய்து ரசீதில் வேண்டாம், ஆடிட்டர் பார்த்தால் பயந்துவிடுவார். பாறைக்குப் போனால் எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் தடவாதீர்கள். பல கல்வெட்டுகள் அப்படிக் கெட்டிருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது வெட்டு தானாகத் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பையனைக் கூட்டிப்போகாதீர்கள். அவனுக்காக என்று ஆரம்பித்தால் வீட்டில் ஒப்புக்கொள்வது சுலபம், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே மாதத்தில் அது அவனுடைய ஸ்கூல் ப்ராஜெக்ட் ஆகிவிடும். நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பீர்கள். முதலில் நீங்கள் போய் ஒரு பெயரையாவது நீங்களாகவே படித்துவிட்டு வாருங்கள். அவன் இரண்டாவது தடவை வரட்டும்.

அன்புடன்,
அக்கா