கணினி கேள்வி – பதில்: வரிக் கடைசியில் ஒளிந்திருக்கும் ஸ்பேஸ்

கேள்வி: விண்டோஸில் சேமித்த முகவரிப் பட்டியலை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, வரிகளைத் தேடித்தரும் கிரெப் கட்டளையில் 'மதுரை$' ($ என்றால் வரி முடிவு) என்று தேடினால் ஒரு வரிகூடச் சிக்கவில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: வரி முடிவில் ஸ்பேஸோ, டேபோ, விண்டோஸ் போடும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் 'ஃபைல்' கட்டளையை ஓட்டுங்கள். விடையில் சிஆர்எல்எஃப் என்று வந்தால் கேரேஜ் ரிட்டர்ன் இருக்கிறது. அடுத்து, ஃபைலைத் திரையில் காட்டும் 'கேட் -இடி' (இ, டி இரண்டும் பெரிய எழுத்து): வரி முடிவில் $ தெரியும், டேப் உள்ள இடத்தில் ^ஐ தெரியும். $-க்கு முன்னால் இடைவெளி இருந்தால் அங்கே ஸ்பேஸ் உண்டு. பலரும் சிபாரிசு செய்யும் 'கேட் -ஏ' தமிழுக்குச் சரிவராது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் குறிகளாக உடைத்துக் கொட்டிவிடும்.

சுத்தம் செய்ய, ஃபைலைத் திருத்தும் 'செட்' கட்டளை (ஆங்கில எழுத்தில் தட்டவும்):

செட் -ஐ.பேக் 'எஸ்/[[:ஸ்பேஸ்:]]*$//' பட்டியல்.டிஎக்ஸ்டி

பழைய ஃபைல் .பேக் என்ற பெயரில் அப்படியே இருக்கும். 'ஸ்பேஸ்' இருக்குமிடத்தில் 'பிளாங்க்' என்று போட்டால் கேரேஜ் ரிட்டர்ன் போகாது. அது கடைசியில் நிற்பதால் அதற்கு முந்தைய ஸ்பேஸும் தப்பிவிடும். விடையை > குறியால் அதே ஃபைலுக்குத் திருப்பாதீர்கள். செட் படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும்.

கேள்வி: அடுத்தடுத்து வரும் காலி வரிகளை 'கேட் -எஸ்' ஏன் ஒன்றாக்கவில்லை?

பதில்: ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் அது காலி வரி அல்ல. மேலே சொன்ன செட்டை முதலில் ஓட்டுங்கள். மார்க்டவுன் ஃபைலில் மட்டும் வேண்டாம், அங்கே வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ் விட்டால் வரி முறிவு என்று பொருள்.

கேள்வி: இணையத்திலிருந்து ஒட்டிய கட்டுரையில் இருந்த ஜீரோ விட்த் ஸ்பேஸை (அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ்) 'டிஆர் -டி' கட்டளை மூலம் நீக்கினேன். 'நீர்', 'கோடு' போன்ற சொற்களெல்லாம் உடைந்துவிட்டன. ஏன்?

பதில்: லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ டிஆர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அந்த ஸ்பேஸ் இ2, 80, 8பி என்ற மூன்று பைட்டுகள். டிஆர் இந்த மூன்றில் எதை எங்கே கண்டாலும் தூக்கிவிடும். ஈகாரக் குறியின் கடைசி பைட் 80. ஓகாரக் குறியின் கடைசி பைட் 8பி. இரண்டும் போயின. மிச்சமிருக்கும் இரண்டு பைட்டுகள் இரு குறிகளுக்கும் ஒன்றேதான் என்பதால் எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. மூல ஃபைலை எடுத்து மறுபடி தொடங்குங்கள்:

பெர்ல் -பி -ஐ.பேக் -இ 'எஸ்/\எக்ஸ்இ2\எக்ஸ்80\எக்ஸ்8பி//ஜி' கட்டுரை.டிஎக்ஸ்டி

இது மூன்றும் அதே வரிசையில் சேர்ந்து வந்தால் மட்டுமே நீக்கும். கையோடு 8சி-யில் முடியும் ஜீரோ விட்த் நான்-ஜாயினரையும் துடைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 'ரிக்‌ஷா' என்பதில் ககர மெய்யும் ஷகரமும் ஒட்டாமல் தனித்தனியே நிற்பது அதனால்தான்.