பால் காணுமா, மஞ்சள் போகுமா: ஒரு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகள் பற்றிய கேள்வி பதில்

குழந்தைப் பிரிவில் வேலை செய்யும் தாதி நான். ஒரு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கூடுதலாக வந்தது பால் பற்றிய கவலைதான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளவத்தை, 5 கிழமை மகள்: அக்கா, மணித்தியாலத்துக்கு ஒருக்கா அழுது பால் கேக்கிறாள். மாமி பால் காணாது, மாப்பால் கரைச்சுக் குடு எண்டு சொல்றா.

தங்கச்சி, அழுகையை வைத்துப் பாலை அளக்க ஏலாது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போகிறாளா? அது வெளிர் நிறமா? கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு மேலே ஏறுகிறதா? மூன்றுக்கும் ஓம் என்றால் பால் காணும். பிறந்த முதல் நாட்களில் பத்து வீதம் வரை நிறை குறையலாம், இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட வேணும். மூன்றாம், ஆறாம் கிழமை அளவில் பிள்ளைகள் ஓயாமல் பால் கேட்பது வழமை. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். அந்த நேரம் மாப்பால் கொடுத்தால் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும், கடைசியில் உண்மையாகவே பால் காணாமல் போகும்.

அடுத்த முறை கொடுக்கும்போது குனிந்து பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் முட்டிக்கொண்டிருக்க வேணும். காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டம் மேலுதட்டுக்கு மேலே கூடவும், கீழே குறையவும் தெரிய வேணும். கன்னம் குழிந்து ‘ச்சு ச்சு’ என்று சத்தம் கேட்டால் காம்பை மட்டும் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். உங்கள் சின்ன விரலைக் கடைவாயில் விட்டு எடுத்து, திரும்பப் பிடிக்க வையுங்கள். காம்பு வெடிக்கிறதும் பெரும்பாலும் இதனால்தான். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிட்வைஃப் மிஸ் அந்தக் கோட்டைக் காட்டினால் அவவுக்கும் மனம் ஆறும்.

கொட்டாஞ்சேனை, 18 நாள் மகன், தகப்பன்: மிஸ், கண் இன்னும் மஞ்சள். காலை வெயில் காட்டினாப் போதுமா?

போதாது தம்பி. இரண்டு கிழமை தாண்டிய மஞ்சளுக்கு இரத்தம் பார்த்தே ஆக வேணும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாத மஞ்சளும் நீடிக்கும், ஆனால் இது அதுதான் என்று வீட்டிலிருந்து சொல்ல ஏலாது. இப்போதே பம்பர்ஸைத் திறந்து மலத்தின் நிறத்தைப் பாருங்கள். கடுகு மஞ்சளோ பச்சையோ என்றால் பயமில்லை. சுண்ணாம்பு மாதிரி வெளிறியிருந்தால், அல்லது சலம் துணியில் கடும் மஞ்சள் கறை பிடித்தால், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூட. நாளைக்கென்று வைக்காமல் பொரளை லேடி றிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தெஹிவளை, அம்மம்மா: பேரனுக்கு மூண்டு மாசம். ஓமத்தண்ணி, தேன் குடுத்தா என்ன பிள்ளை? நாங்க எல்லாரும் அப்பிடித்தானே வளர்ந்தம்.

அம்மா, தேனை ஒரு வயசு வரை நாக்கில் தொட்டும் வைக்க வேண்டாம். அதிலே இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குடலில் பெருகி, நஞ்சு சுரந்து பிள்ளையைத் துவள வைக்கும். ஆறு மாசம் வரை ஓமத்தண்ணி என்ன, கொழும்பு வெக்கைக்குப் பச்சைத் தண்ணியும் தேவையில்லை. கண்ணுக்கு மையும் வேண்டாம், சிலதில் ஈயம் கலந்திருக்கும். எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுங்கள், அது உங்கள் கைக்குத்தான் வரும். மூக்கிலும் காதிலும் மட்டும் எண்ணெய் விடாதீர்கள்.

பம்பலப்பிட்டி: 84 நாள் லீவு முடியுது அக்கா. கந்தோருக்குப் போனா பாலை நிப்பாட்டத்தான் வேணுமா?

நிப்பாட்டவே வேண்டாம். லீவு முடிய இரண்டு கிழமைக்கு முன்பே பால் எடுத்துப் பழகுங்கள். எங்கள் வெக்கையில் மேசையில் வைக்காமல் உடனே ஃபிரிஜ்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாள் வரை இருக்கும். சுடுதண்ணிக் கோப்பையில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும், அடுப்பில் காய்ச்ச வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். பார்க்கிறவர் போத்தலில் கொடுக்காமல் கோப்பையால் பருக்கட்டும். பின்னேரம் வந்து நீங்கள் மார்பில் கொடுக்கலாம்.

மட்டக்குளி, 9 மாசம்: தவழவே இல்லை. வோக்கர் வாங்கவா?

வாங்க வேண்டாம். தவழாமலே எழும்பி நடக்கிற பிள்ளைகள் உண்டு. ஒன்றையும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்திருக்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் 9 மாச ஊசிக்குப் போகும்போது டொக்டரிடம் சொல்லுங்கள். வோக்கரில் படியால் உருண்டு தலையடிபட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். கனடா 2004இலேயே அதை விற்கத் தடை போட்டது. பாயை விரித்துக் கீழே விடுங்கள்.

வத்தளை, 2 மாசம்: ஊசி போட்ட இரவு காய்ச்சல். பயமா இருக்கு.

ஊசி போட்ட அன்றும் அடுத்த நாளும் காய்ச்சல் வருவது வழமை. கிளினிக்கில் நிறைக்குச் சொன்ன அளவு பரசிட்டமோல் பாணி கொடுங்கள், பாலை அடிக்கடி கொடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, மூச்செடுக்கையில் விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஊசி போடாத நேரத்தில் மூன்று மாசத்துக்குள் 38 பாகைக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.