'தி ரேவன்' கவிதையில் பதில் தெரிந்தும் அவன் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்?

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ 1845-இல் வெளியிட்ட கவிதை இது. டிசம்பர் நள்ளிரவு. இறந்துபோன காதலி லெனோரை மறக்கப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பவனின் அறைக்குள் ஓர் அண்டங்காக்கை வருகிறது. அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: 'இனி ஒருபோதுமில்லை'.

முதலில் விளையாட்டாகத்தான் அதன் பெயரைக் கேட்கிறான். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வராது என்று புரிந்த பிறகுதான் கேள்விகள் கொடுமையாகின்றன. என் துயரத்துக்கு மருந்து உண்டா? சொர்க்கத்திலாவது லெனோரைத் தழுவுவேனா? 'இல்லை' என்றுதான் வரும் என்று தெரிந்தே கேட்கிறான். ஆறாத புண்ணை நாமே கீறிப் பார்ப்போமே, அதுதான் இது. தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் இந்த வேட்கையைப் பற்றி போவே 1846-இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். எனக்கு இந்தக் கவிதையில் பயமூட்டுவது பறவை அல்ல, இந்தக் கேள்விகள்தான்.

இன்னொன்று. இதை எழுதியபோது போவின் மனைவி வர்ஜீனியா உயிரோடுதான் இருந்தார். ஆனால் 1842 முதலே காசநோய். இழப்பு வருவதற்கு முன்பே அதை எழுதிப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வர்ஜீனியா 1847-இல் இறந்தார். அப்புறம் போ எழுதிய 'அன்னபெல் லீ' கவிதையில் கேள்விகளே இல்லை. காதலன் கடலோரக் கல்லறையில் இறந்துபோன காதலியின் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறான்.