அம்மா போய் நாலு மாசம், ஒரு சொட்டு கண்ணீர் வரல

வணக்கம் மேடம். அம்மா போய் நாலு மாசம் ஆகுது, இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல, அதையே சொல்லிச் சொல்லி குத்துறாங்க. ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க, குளிப்பாட்டினது, ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வச்சது எல்லாம் நான்தான், அக்கா எப்பவாவது வந்து எட்டிப் பாத்துட்டுப் போவா, ஆனா அன்னைக்கு விழுந்து புரண்டு அழுதது அவ, அதனால அவ பாசக்காரி, நான் கல்நெஞ்சுக்காரன். "பெத்தவளுக்கு அழாதவன் எல்லாம் ஒரு புள்ளையா"ன்னு சித்தப்பா என் காதுபடவே சொன்னார். கண்ணுல கோளாறான்னு டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லையாம். வெங்காயம் நறுக்கினா தாரை தாரையா வருது, அம்மாவுக்கு வரல. யாராவது அழுதாலும் இப்ப எரிச்சலா இருக்கு, போன வாரம் என் பொண்ணு, எட்டு வயசு, பாட்டி வேணும்னு அழுதா, "வாய மூடு"ன்னு கத்திட்டேன், அதுல இருந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு நிக்கிறா, முகம் கழுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டே வர்றா, கேட்டா சளின்றா, அது போகட்டும். அக்கா இப்பவும் போன்ல எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டிருக்கா. நான் நிஜமாவே கல்நெஞ்சுக்காரனா மேடம்?

பதில்:

"அது போகட்டும்"னு எழுதிட்டுத் தாண்டிட்டீங்க, என்னால அந்த இடத்தைத் தாண்ட முடியல. அக்கா, சித்தப்பா எல்லாம் அப்புறம்.

உங்க பொண்ணுக்கு சளி இல்ல. இமையோட உள்மூலையில ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கு, கண்ணீர் அது வழியா மூக்குக்குள்ள வடியும், அழுதா மூக்கு ஒழுகுறது அதனாலதான். முகத்தைக் கழுவிடலாம், மூக்கு காட்டிக் குடுத்துடும். உங்களுக்கும் உள்ளுக்குள்ள தெரியும், இல்லன்னா குழாயைப் பத்தி எனக்கு எழுதியிருக்க மாட்டீங்க.

வெங்காயத்துக்கு வர்றது கண்ணைக் காப்பாத்த வர்ற கண்ணீர், துக்கத்துக்கு வர்றது வேற. துக்கக் கண்ணீருக்குன்னு தனியா ஒரு பயனும் இல்லன்னுதான் 1872ல டார்வின் எழுதினார். பல வருஷமா இதையே ஆராயுற நெதர்லாந்து உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸ் மாதிரி ஆளுங்க சொல்றது வேற, அது பக்கத்துல இருக்குறவங்களுக்கு அனுப்புற சேதி, எனக்கு தனியா முடியல, கிட்ட வாங்கன்னு. அழுதா மனசு லேசாகும்னு சொல்றோமே, அதுவும் எல்லாருக்கும் ஆகாது, ஆறுதல் கிடைச்சவங்களுக்கு லேசாகும், அவமானப்பட்டவங்களுக்கு இன்னும் கனக்கும். உங்க பொண்ணு சேதி அனுப்பினா. நீங்க வாய மூடுன்னீங்க.

கோவிச்சுக்காதீங்க, அழலன்னு உங்களைக் குத்துறாங்க, அழுதான்னு நீங்க அவளைக் குத்திட்டீங்க. ரெண்டும் ஒரே தப்புதான்.

நீங்க கல்நெஞ்சு இல்ல. ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரி எழுந்தவருக்கு துக்கம் அப்பவே கொஞ்சம் கொஞ்சமா நடந்திருக்கும், யாரும் பாக்கல, அவ்வளவுதான். அக்கா அழுததும் பொய்யா இருக்கணும்னு இல்ல, கூட இருந்து பாத்துக்கலையேங்கிற குத்தமும் அதுல இருக்கலாம். இந்த எரிச்சல் நீண்டுக்கிட்டே போனா நேர்ல ஒரு ஆலோசகரைப் பாருங்க.

அடுத்த தடவ குழாய் சத்தம் கேட்டா கதவைத் தட்டுங்க. அழாதேன்னு சொல்லாதீங்க, எனக்கும் பாட்டி ஞாபகம் வருதுடான்னு சொல்லிட்டு பக்கத்துல உக்காருங்க. நீ ஏன்ப்பா அழலன்னு கேப்பா. சித்தப்பாவுக்குப் பதில் சொல்லலன்னா பரவாயில்ல, அவளுக்குச் சொல்லுங்க, தெரியலம்மான்னு சொன்னாக்கூட போதும்.